குழாயால் அடித்துவிட்டேன், எத்தனை வருடம் உள்ளே?

கேள்வி: மூன்று வருடமாக வரப்பை வெட்டி வெட்டி உள்ளே வந்துகொண்டிருந்தார் என் பெரியப்பா மகன். பொறுக்க முடியாமல் ஒருநாள் அடித்துவிட்டேன். முன்கை எலும்பு முறிந்துவிட்டது. இரும்புக் குழாயால் அடித்ததாகப் பாரதிய நியாய சன்ஹிதா 118(2)-இல் வழக்கு. ஜாமீனில் இருக்கிறேன், இதற்கு முன் எந்த வழக்கும் இல்லை. எவ்வளவு தண்டனை வரும்? அவரை வாபஸ் வாங்க வைக்கலாமா?

பதில்: வரப்புக் கதை சிவில் கோர்ட்டுக்கு. திடீர்க் கோபம் என்றால், தண்டனையைக் குறைக்கும் 122-ஐப் பேசிப் பார்க்கலாம். மூன்று வருடம் சேர்த்துவைத்த கோபம் அதில் வராது. உங்கள் வழக்கில் கேள்வி ஒன்றுதான்: கையில் இருந்தது என்ன?

எலும்பு முறிந்தாலே கொடுங்காயம். அதோடு நின்றால் 117(2): 7 வருடம் வரை, குறைந்தபட்சம் கிடையாது. கோர்ட் அனுமதியோடு சமரசமாகலாம், சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையின் பேரில் விடும் 1958-ஆம் வருடச் சட்டத்தையும் கேட்கலாம். உயிரைப் பறிக்கக்கூடிய கருவி என்று நிரூபித்துவிட்டால் 118(2): குறைந்தது 1 வருடம், 10 வருடம் வரை போகும், ஆயுளுக்கும் இடமுண்டு. ஆயுள் இருப்பதால் நன்னடத்தை வராது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 326-இல் இந்த 1 வருடக் கட்டாயம் இல்லை. அதை நினைத்துக்கொண்டு யாராவது தைரியம் சொன்னால் நம்பாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடந்த சம்பவங்களுக்குப் புதிய சட்டம்தான்.

ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகலை வாங்குங்கள். அடிபட்டவர் டூட்டி டாக்டரிடம் முதலில் “தெரிந்த நபர் கட்டையால் அடித்தார்” என்று சொல்லிவிட்டு, மறுநாள் புகாரில் அது இரும்புக் குழாயாக மாறிய வழக்குகளைப் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் உங்கள் வக்கீலுக்கு நல்ல பிடி. ஆனால் கனமான கட்டையும் ஆயுதம்தான் என்பார்கள் அரசுத் தரப்பில். போலீஸ் கைப்பற்றியபோது எழுதிய மகஜரில் குழாயின் நீளமும் தடிமனும் என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள்.

வாபஸ் பேச்சுதான் எனக்குப் பயம். 118(2)-இல் வாபஸ் வாங்குவது அவர் கையில் இல்லை. என் கட்சிக்காரர் ஒருவர், வக்கீலுக்கும் சொல்லாமல் மாமா மூலம் ரொக்கமாகக் கொடுத்தார். வாங்கியவர் கூண்டேறி நடந்ததை அப்படியே சொல்லிவிட்டுப் போனார். இன்னொருவர் போனில், “கோர்ட்டில் பார்த்துப் பேசு, இல்லையென்றால் ஊரில் இருக்க முடியாது” என்றார். அதைப் பதிவு செய்துவிட்டார்கள். சாட்சியை மிரட்டியதாக 232-இல் தனி வழக்கு, ஜாமீனும் ரத்து. நீங்களும் சரி, உங்கள் வீட்டாரும் சரி, அவர் வாசலை மிதிக்கக் கூடாது.

சமரசம் செய்யுங்கள், ஆனால் இரண்டு பக்க வக்கீல்கள் மூலம். வைத்தியச் செலவும் இழப்பீடும் வங்கி வழியாகப் போகட்டும். பாதியை உத்தரவு வந்தபின் கொடுங்கள். அவருடைய பிரமாணப் பத்திரத்தோடு உயர் நீதிமன்றத்தில், புதிய குற்ற நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 528-இல், வழக்கை ரத்து செய்யக் கேட்டு மனு. பங்காளிச் சண்டை, தலையில் அடியில்லை என்பது உங்களுக்குச் சாதகம். ஆனாலும் ரத்து செய்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் நீதிபதிக்கு இல்லை.

பணத்தோடு வரப்பில் ஓரடியும் கேட்பார். கொடுத்துவிடுங்கள்.