அமேசன் வடிநிலத்தை ஒரே பச்சையாகத் தீட்ட வேண்டாம்

கேள்வி: உயர்தரத்தில் புவியியல் படிக்கிறேன். அமேசன் வடிநிலத்தின் தரைத்தோற்றம், இயற்கைத் தாவரம் பற்றிய வினாவுக்கு "முழுவதும் மழைக்காடு" என்று எழுதினேன், பாதிப் புள்ளிதான் கிடைத்தது. எப்படி எழுத வேண்டும்? – மாணவி, சாவகச்சேரி

தங்கச்சி, மழைக்காடுதான் பெரும்பகுதி, அதில் பிழையில்லை. ஆனால் எந்த உயரத்தில், எந்தத் தண்ணீரில் எந்தக் காடு என்று எழுதினால்தான் மிச்சப் புள்ளி வரும். அதற்கு இரண்டு குறுக்குவெட்டுப் படம் கீறுங்கள்.

முதலாவது மேற்கிலிருந்து கிழக்கு. அந்தீஸ் மலைத்தொடரின் உச்சியில் பனி, அதற்குக் கீழே மரமில்லாத புல்வெளி, சரிவில் முகில் மூடிய காடு, பிறகு சமவெளி. பெருவின் இக்கிற்றோஸ் நகரம் கடலிலிருந்து ஆற்றுவழியே ஏறத்தாழ 3,600 கிலோமீற்றர் உள்ளே இருக்கிறது, ஆனால் உயரம் 100 மீற்றர் அளவுதான். ஆறு ஏன் இவ்வளவு வளைந்து வளைந்து போகிறது என்பதற்கு இந்த ஒரு தகவலே போதும். வடக்கில் கயானா, தெற்கில் பிரேசில் என்று இரண்டு பழம்பாறை மேட்டுநிலங்கள். விளிம்புகளில் புல்வெளிகளும் உண்டு, பொலிவியாவின் மொக்சோஸ் சமவெளி போல.

இரண்டாவது ஆற்றுக்குக் குறுக்கே. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பிரேசிலின் மனாஉஸ் நகரில் ஆற்று மட்டம் ஒரு வருடத்துக்குள் சராசரியாக 10 மீற்றர் ஏறி இறங்கும், அதனால் கரையிலிருந்து நாலைந்து மீற்றர் உயர வித்தியாசமே காட்டை மாற்றிவிடும். அந்தீஸிலிருந்து வரும் கலங்கல் தண்ணீர் வண்டலைக் கொட்டும் இடம் வார்சியா: வளமான மண், உயர்ந்த கரையில் இலவமரம் உட்படப் பெரிய மரங்கள், பின்னால் பள்ளத்தில் ஏரியும் புல்லும். ரியோ நீக்ரோ போன்ற கிளையாறுகளின் கறுப்புத் தண்ணீர் ஏறும் காடு இகப்போ: வண்டல் குறைவு, அமிலம் கூட, வளம் குறைந்த காடு, மரங்கள் மாதக்கணக்கில் தண்ணீருக்குள் நிற்கும், பழந்தின்னி மீன்கள் விதைகளைக் கொண்டுபோய்ப் பரப்பும். வெள்ளம் எட்டாத மேடு தெரா பிர்மே. வடிநிலத்தின் பெரும்பகுதி இதுதான், மர இனங்களும் இங்கேதான் அதிகம், ஆனால் மழை கழுவிக் கழுவி மண்ணின் வளம் குறைந்துபோய் இருக்கிறது. உதிர்ந்த இலை உக்கித் தருவதை வேர்கள் மேலேயே உறிஞ்சிக்கொள்வதால்தான் அவ்வளவு பெரிய காடு நிற்கிறது.

தண்ணீர் வடியாத சதுப்பில் புரிற்றி என்றொரு பனையினம் கூட்டமாக வளரும். எங்கள் பனையைப் போலவே விசிறி ஓலை, ஆண் மரம் வேறு பெண் மரம் வேறு. பெருவில் பழத்துக்காகப் பெண் மரங்களைத் தறித்துத் தறித்துச் சில இடங்களில் ஆண் மரங்களே மிஞ்சியிருக்கின்றன, வேதனையான விஷயம். மனிதச் செயற்பாடு பற்றிய பகுதிக்கு இதை உதாரணமாக எழுதலாம்.

இரண்டாவது படத்தில் உயர்நீர் மட்டத்தையும் தாழ்நீர் மட்டத்தையும் இரண்டு கோடாகப் போட்டுவிட்டு, அப்புறம் காடுகளின் பெயரை எழுதுங்கள்.