தாத்தாவின் ரைபிளுக்குப் புளி வேண்டாம்

வாசகர் கேள்விகளுக்குப் பதில் அளிப்பவர், ஆயுதப்படைக் கிடங்கில் துப்பாக்கிகளைப் பராமரிக்கும் ஆர்மரராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர், கும்பகோணத்துக்காரர்.

கேள்வி: சென்ற ஆண்டு என் தாத்தா காலமானார். அவர் வைத்திருந்த பி.எஸ்.ஏ. கம்பெனியின் பாயிண்ட் டூ டூ (0.22 அங்குலக் குழல்) ரைபிளைத் திருச்சியில் ஒரு துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்திருந்தோம். வாரிசு என்ற முறையில் எனக்கு உரிமம் கிடைத்து, போன மாதம்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். குழல் முழுவதும் செந்துரு. தோட்டா அறையைத் திறந்து மூடும் போல்ட் பாதிதான் நகர்கிறது. கட்டை எண்ணெய்ப் பிசுக்கேறிக் கருத்துக் கிடக்கிறது. அத்தை புளியும் உப்பும் போட்டுத் தேய்க்கச் சொல்கிறார். பக்கத்துப் பட்டறைக்காரர் மெருகுச் சக்கரத்தில் பஃப் அடித்து நிக்கல் முலாம் பூசித் தருகிறேன் என்கிறார். எதைச் செய்யலாம்?
– வாசகர், திருவையாறு அருகே

பதில்: தம்பி, காகித வேலையை முடித்துவிட்டுத் துருவைப் பற்றிக் கேட்கிறீர்கள். மிகவும் சரி. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

புளி வேண்டாம், பஃப் வேண்டாம், நிக்கல் வேண்டவே வேண்டாம். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்; இல்லாவிட்டால் அடுத்த வாரம் யாராவது எலுமிச்சம்பழத்தோடு வந்து நிற்பார்கள்.

குழலின் மேல் நீங்கள் பார்க்கும் கருநீலம் பெயிண்ட் அல்ல. இரும்பின் மேல்தோலையே பக்குவமாக ஆக்ஸைடாக மாற்றி எடுத்த நிறம். பட்டறையில் புளூயிங் என்பார்கள். செந்துருவும் இரும்பு ஆக்ஸைடுதான், இந்தக் கருநீலமும் இரும்பு ஆக்ஸைடுதான். புளியின் அமிலத்துக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் சேர்த்தே தின்றுவிடும். நாச்சியார்கோவில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கினால் பளிச்சென்று வருகிறது, ஏனென்றால் அழுக்குக்குக் கீழேயும் பித்தளைதான். ரைபிளைத் துலக்கினால் வெளிறிய வெற்று இரும்பு மிஞ்சும். அதில் உப்பும் ஒட்டியிருந்தால் நம் ஊர் ஈரக்காற்றில் விடிவதற்குள் மறுபடி சிவந்துவிடும். கடையில் விற்கும் துரு நீக்கும் திரவங்களில் பெரும்பாலானவையும் அமிலம்தான். அவற்றுக்கும் இதே பதில்.

பஃப் செய்யும் கேடு வேறு மாதிரி. சக்கரம் ஓரங்களை மழுக்கும், எழுத்துகளை அழிக்கும். உங்கள் ரைபிளில் மூன்று துப்பாக்கிகளை ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திய சிறு முத்திரை இருக்கும்; அது பி.எஸ்.ஏ. கம்பெனியின் அடையாளம். குழலின் அடிப்பகுதியில், தோட்டா அறைக்கு அருகே, பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். சிறு மகுடங்களும் அவற்றின் கீழே ஆங்கில எழுத்துகளும் தெரியும். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் அதிக அழுத்தத் தோட்டாவைச் சுட்டுச் சோதித்துக் குத்திய முத்திரைகள் அவை. பி.என்.பி. என்று மூன்றும் ஒரே மகுடத்தின் கீழ் இருந்தால் அது 1954ஆம் ஆண்டு விதிகளின் முத்திரை. பி.பி., பி.வி., என்.பி. என்று தனித்தனி மகுடங்களாக இருந்தால் 1904ஆம் ஆண்டு விதிகளின்படி சோதிக்கப்பட்டது. தாத்தாவின் ரைபிள் நீங்கள் நினைத்ததைவிட மூத்தது என்று அர்த்தம். இவ்வளவு சொல்லும் இடத்தைச் சக்கரத்தில் கொடுக்கலாமா? போதாததற்கு, துப்பாக்கியின் வரிசை எண்ணை அழிப்பது ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி குற்றம். உரிமத்தில் எழுதியிருக்கும் எண் துப்பாக்கியில் தெளிவாகத் தெரிய வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம்.

துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் தோட்டா அறை காலியா என்று பார்க்க வேண்டும். கடைக்காரர் பார்த்திருப்பார், தாத்தா பார்த்திருப்பார் என்பதெல்லாம் இங்கே செல்லாது. உங்கள் போல்ட் பாதியில் நிற்பதால் அறை கண்ணுக்குத் தெரியாது. ஆகவே உள்ளே தோட்டா இருப்பதாகவே வைத்துக்கொண்டு, குழல் யாரையும் பார்க்காதபடி வையுங்கள். போல்ட்டின் இடுக்கில் மண்ணெண்ணெய் சில சொட்டுகள் விட்டு, இரவு முழுவதும் ஊறவிடுங்கள். காய்ந்து பசையாகிப் போன பழைய எண்ணெய்தான் பெரும்பாலும் பிடித்துக்கொண்டிருக்கும். மண்ணெண்ணெய் அதைக் கரைக்கும். காலையில் கையால் மட்டும் அசைத்துப் பாருங்கள். சுத்தியல் வேண்டாம். அப்படியும் வராவிட்டாலோ, திறந்தபின் உள்ளே தோட்டா சிக்கியிருப்பது தெரிந்தாலோ, அப்படியே உரிமம் பெற்ற பழுது பார்ப்பவரிடம் சொல்லுங்கள். கம்பியை வாய்ப்பக்கமாக விட்டு இடிக்கவோ, தோட்டாவின் விளிம்பை நெம்பவோ கூடாது. இந்த வகைத் தோட்டாவில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் கலவை அந்த விளிம்பின் மடிப்புக்குள்தான் இருக்கிறது.

போல்ட் திறந்து, அறை காலி என்று கண்ணால் கண்டபிறகு, அதைக் கழற்றிவிடுங்கள். பெரும்பாலான போல்ட் ரைபிள்களில் விசையை அழுத்திப் பிடித்தபடி பின்னுக்கு இழுத்தால் முழுதாக வந்துவிடும். பின்பக்கம் ஒரு வெள்ளைக் காகிதத்தைக் காட்டி, வாய்ப்பக்கமாகக் குழலுக்குள் பாருங்கள். திருகு வரிகள் வாய்வரை ஓரம் மழுங்காமல் ஓடினால் குழல் நல்ல உயிரோடு இருக்கிறது.

குழலைப் பின்பக்கத்திலிருந்துதான் துடைக்க வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. பாயிண்ட் டூ டூ தோட்டாவின் குண்டு மெத்தென்ற ஈயம். வழக்கமான குண்டின் எடை 40 கிரெய்ன், அதாவது இரண்டரை கிராமுக்குச் சற்று மேல். அது குழலைத் தேய்ப்பது மிகமிகக் குறைவு. நான் கிடங்கில் பார்த்த கெட்டுப்போன பாயிண்ட் டூ டூ குழல்களில் பெரும்பாலானவை துடைத்தே கெட்டவை. வாய்ப்பக்கமாகக் கம்பியை விட்டு இழுத்து இழுத்து, வாயின் விளிம்பு ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும். குண்டு கடைசியாகத் தொடும் இடம் அது. அங்கே ஒரு நூலளவு கோணல் இருந்தாலும் குறி தவறும். எனவே பூச்சு இட்ட ஒற்றைக் கம்பியோ, நாங்கள் பயன்படுத்தும், துணியைக் கட்டிக் குழலுக்குள் இழுக்கும் புல் த்ரூ கயிறோ எடுத்துக்கொண்டு, விளிம்பில் உரசாமல் நேராக ஓட்டுங்கள். எண்ணெயில் நனைத்த ஃபிளானல் துண்டு, பிறகு வெண்கலத் தூரிகை, பிறகு உலர்ந்த துண்டுகள். துண்டு வெளுப்பாக வரும்வரை பொறுமையாகச் செய்யுங்கள். ஈயம் படிந்த துணி அது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள், குழந்தைகளையும் பக்கத்தில் விடாதீர்கள்.

தாத்தா மிகப் பழைய தோட்டாக்களைச் சுட்டிருந்தால் இன்னொன்றும் உண்டு. அந்தக் காலத்துத் தோட்டாக்களின் பற்றவைக்கும் கலவையில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபிறகு அது குழலில் ஓர் உப்பாகப் படிந்து, காற்றின் ஈரத்தை உறிஞ்சித் துருவை வளர்க்கும். எண்ணெய்க்கு உப்பு கரையாது, தண்ணீருக்குத்தான் கரையும். வெந்நீரில் நனைத்த துண்டை ஓட்டி, உடனே ஈரமில்லாமல் துடைத்து, பிறகு எண்ணெய் இடுங்கள். துப்பாக்கியில் தண்ணீரா என்று பயப்பட வேண்டாம். சொன்னபடி உடனே துடைத்துவிட்டால் போதும்.

வெளித்துருவுக்கு நல்ல மெஷின் எண்ணெயைத் தாராளமாகத் தடவி ஒரு நாள் விடுங்கள். பிறகு பழைய காலணாக் காசு ஒன்று கிடைத்தால் அதன் ஓரத்தால் மெதுவாகச் சுரண்டுங்கள். செம்பு கலந்த அந்தக் காசு இரும்பைவிட மென்மை, துருவைவிட வலிது. செந்துரு சேறு போல எண்ணெயில் குழைந்து வரும். துணியால் ஒற்றி எடுத்தால் அடியில் அந்தக் கருநீலம் அங்கங்கே இன்னும் உயிரோடு இருப்பதைப் பார்ப்பீர்கள். அதைப் பார்க்கும்போது வரும் மகிழ்ச்சி இத்தனை வருடம் கழித்தும் எனக்குக் குறையவில்லை. மிச்சத்துக்கு நான்கு பூஜ்ஜிய எண் கொண்ட ஸ்டீல் வூல், எண்ணெயோடு. பாத்திரம் தேய்க்கும் நாரும் உப்புத்தாளும் கூடாது. துரு தின்ற குழிகள் இருக்கத்தான் செய்யும். துணியில் சிவப்பு ஒட்டாத நிலை வந்ததும் நிறுத்திவிடுங்கள். பழுப்பேறிய இரும்பு அப்படியே இருக்கட்டும்.

எண்ணெய் என்றதும் நம் வீடுகளில் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை எடுக்கிறார்கள். மார்கழிக் காலையில் அது பாட்டிலிலேயே உறைந்து நிற்கிறதே, போல்ட்டுக்குள் மட்டும் ஓடுமா? நல்லெண்ணெய் காற்றுப்பட்டுப் பிசினாகும். தையல் மெஷினுக்கு விடும் எண்ணெய் போதும், அதுவும் மெல்லிய படலமாக.

கட்டை வால்நட் மரமாக இருக்கும். டர்பன்டைனில் நனைத்த துணியால் பிசுக்கை எடுத்தபின், லின்சீட் எண்ணெயைச் சில சொட்டு உள்ளங்கையில் விட்டுச் சூடு வரும்வரை தேய்த்து ஏற்றுங்கள். அது காய்ந்தபிறகு அடுத்த பூச்சு. வார்னிஷ் வேண்டாம். இதில் ஓர் எச்சரிக்கை: லின்சீட் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வைக்கோல் போர் உள்ள வீடு என்றால் நினைத்துப் பாருங்கள். கொடியில் விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிவிடுங்கள். கட்டையில் பள்ளம் விழுந்த இடத்தில் ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால் ஆவி காட்டினால் மரம் எழும்பி வரும். ஆனாலும் தாத்தாவின் கன்னம் பட்டு வழுவழுத்த இடத்தையும், அவர் கைப்பிடியில் தேய்ந்த இடத்தையும் தொடாதீர்கள். உங்களிடம் வந்திருக்கும் சொத்தே அதுதான்.

விசைப் பகுதியைப் பிரிக்க வேண்டாம். அது உரிமம் பெற்ற பழுது பார்ப்பவரின் வேலை. போல்ட் சரியாகப் பூட்டுகிறதா என்று அவர் சோதித்துச் சொன்னபிறகே சுட வேண்டும், அதுவும் அனுமதி பெற்ற சுடுதளத்தில். மேஜை இழுப்பறையில் கிடக்கும் பழைய தோட்டாக்கள் வேண்டாம். வயலில் மடையானும் நாரையும் இறங்கும் காலம் இது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் குழலைத் திருப்பும் பேச்சே கிடையாது.

கேள்வி: அப்பா இறந்து சில மாதங்களாகின்றன. பத்தாயத்தைச் சுத்தம் செய்தபோது அவருடைய ரைபிள் துணி உறையில் கிடைத்தது. உரிமப் புத்தகமும் இருக்கிறது. நானே சுத்தம் செய்து வைத்துக்கொள்ளலாமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: அம்மா, இப்போது சுத்தம் செய்ய வேண்டாம். உரிமம் உங்கள் அப்பாவுக்குக் கொடுத்தது. அவரோடு அது முடிந்துவிட்டது. இனி அந்த ரைபிளை வீட்டில் வைத்திருக்க யாருக்கும் உரிமை இல்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, தாமதமில்லாமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்கச் சொல்கிறது. முதலில் நிலையத்துக்குப் போன் செய்து, எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று கேளுங்கள். அவர்களே வந்து எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஒப்படைத்ததற்கு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி வாரிசு உரிமம் கேட்டு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், அப்பாவின் உரிமப் புத்தகம் ஆகியவற்றோடு கலெக்டர் அலுவலகத்தை அணுகுங்கள். போலீஸ் விசாரணை நடக்கும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது; உங்கள் வீட்டில் விண்ணப்பிப்பவர் யார் என்பதை அதை வைத்தும் முடிவு செய்யுங்கள். ஒப்படைத்ததை அப்படியே மறந்துவிட்டால், குறித்த காலத்துக்குப் பிறகு அரசு எடுத்துக்கொள்ளும். என்னைக் கேட்டால் கடையில் வைப்பது மேல். கட்டணம் உண்டு, ஆனால் மழைக்காலத்துக்கு முன் எண்ணெய் போட்டுத் துடைத்து வைக்கச் சொல்லலாம்.

கேள்வி: உரிமம் உள்ள ரைபிளைத் தோல் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். உப்பளக் காற்றில் மாதம் ஒரு முறை துருப்பிடிக்கிறது. என்ன வழி?
– வாசகர், வேதாரண்யம்

பதில்: உறையிலிருந்து வெளியே எடுங்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பதனிட்டபோது சேர்ந்த உப்பும் அமிலமும் இரும்பைத் தொட்டுக்கொண்டே இருக்கும். உறை எடுத்துச் செல்வதற்கு மட்டும். பூட்டுப் போட்ட இரும்பு அலமாரியில், சிலிகா ஜெல் பைகளோடு வையுங்கள். பைகள் ஈரம் குடித்ததும் சூடாக்கி உலர்த்தி மறுபடி பயன்படுத்தலாம். வாய்ப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கட்டும். நிமிர்த்தி வைத்தால் எண்ணெய் இறங்கிக் கட்டைக்குள் ஊறி மரத்தை மென்மையாக்கிவிடும். போல்ட்டையும் தோட்டாவையும் தனித்தனியாகப் பூட்டி வையுங்கள். தொட்ட ஒவ்வொரு முறையும் எண்ணெய்த் துணியால் துடையுங்கள். உங்கள் ஊரில் காற்றிலும் உப்பு, கை வியர்வையிலும் உப்பு. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை, தொடாவிட்டாலும் வாரம் ஒரு முறை.

கேள்வி: நான் என்.சி.சி. மாணவன். பாயிண்ட் டூ டூ ரைபிளைக் காலியாக வைத்து விசையை அழுத்திப் பழகக் கூடாது என்கிறார்கள். பெரிய ரைபிளுக்கு அவ்வளவு கண்டிப்பு இல்லையே?
– மாணவர், மயிலாடுதுறை

பதில்: பெரிய ரைபிளில், விசையை அழுத்தியதும் பாயும் ஊசி தோட்டாவின் நடுவே குத்துகிறது. அறை காலியாக இருந்தால் ஊசி வெற்றிடத்துக்குள் போய் நிற்கும். பாயிண்ட் டூ டூவில் ஊசி தோட்டாவின் விளிம்பில் குத்த வேண்டும். அதனால் ஊசி, தோட்டா அறையின் ஓரத்துக்கு நேரே அமைந்திருக்கிறது. தோட்டா இல்லாவிட்டால் பல ரைபிள்களில் ஊசி நேராக அந்த ஓரத்தில் அடிக்கும். நாளாக ஆக ஓரத்தில் சிறு பள்ளமும் உள்பக்கம் பிசிறும் உண்டாகும். தோட்டா சிக்கும், ஊசிமுனையும் மழுங்கும். சில புதிய ரைபிள்களில் ஊசி ஓரத்தைத் தொடாதபடி அளவு வைத்திருக்கிறார்கள். பழையவற்றில் அதை நம்பக் கூடாது. பழக வேண்டுமானால் பயிற்றுநரிடம் கேட்டுச் சுட்ட தோட்டாக் கூடு ஒன்றை அறையில் வைத்து அழுத்துங்கள். ஒவ்வொரு முறையும் கூட்டைச் சற்றுத் திருப்பி, ஊசி படாத விளிம்பை ஊசிக்கு நேரே வையுங்கள். சுற்றிலும் நசுங்கியபிறகு வேறு கூடு எடுங்கள்.