க்ராஸ் நாய்: நிறம், காது, குணம் பற்றிக் கேளுங்க

இருபது வருஷமா எங்க வீட்டில் கலப்பு நாய்தான். தெரிஞ்சதைச் சொல்றேன். நோய், மருந்து மட்டும் என்னைக் கேட்காதீங்க, கால்நடை டாக்டரிடம் போங்க.

தாம்பரம்: தாய் கறுப்பு லேப் (லேப்ரடார்), அப்பன் தெரு நாய். அஞ்சு குட்டி கறுப்பு, ஒண்ணு மட்டும் சந்தன நிறம். மார்பில் எல்லாத்துக்கும் வெள்ளைத் திட்டு. எப்படி சார்?

அருமையான கேள்வி. லேபின் கறுப்பு ஆதிக்கம் செலுத்துற நிறம், அதான் அஞ்சு கறுப்பு. ஆனா கறுப்பு லேப் சந்தன நிறத்தை உள்ளே மறைச்சு வச்சிருக்கலாம். அப்பன் பக்கமிருந்தும் அதே வந்தால் குட்டியில் வெளிப்படும். உடல்வாகும் ஆளுக்கொரு மாதிரி இருந்தால் அப்பன் ரெண்டு பேராகவும் இருக்கலாம். ஒரே ஈற்றில் அது நடக்கும். மார்பு வெள்ளைக்குக் காரணம் வேற. கரு வளரும்போது நிறம் தர்ற செல்கள் முதுகுப் பக்கமிருந்து கிளம்பிக் கீழே பரவும். மார்பும் கால் விரலும்தான் கடைசி ஊர். அங்கே போய்ச் சேராத இடம் வெள்ளையா நின்னுடும்.

கோவை: மூணு மாசம். ஒரு காது நிக்குது, ஒண்ணு மடங்குது.

பல் விழுந்து முளைக்கட்டும், ஆறு மாசம் வரை பாருங்க. டேப் ஒட்டாதீங்க.

மதுரை: ராஜபாளையம் க்ராஸ், முழு வெள்ளை, ரோஸ் மூக்கு. கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்குது. பிடிவாதமா?

அடிச்சிடாதீங்கம்மா, காது கேட்காம இருக்கலாம். நிறச் செல்கள் உள்காதுக்கும் வேணும். அது இல்லாத வெள்ளை நாய்க்குச் செவிடு வர வாய்ப்பு அதிகம். தூங்கும்போது பின்னாடி நின்னு சாவிக்கொத்தைக் குலுக்குங்க, தரையில் தட்டாம. காது அசையலைன்னா டாக்டரிடம் காட்டுங்க. செவிட்டு நாயைத் தொட்டு எழுப்பாதீங்க, பயத்தில் கடிக்கும். கையைச் சைகை காட்டிப் பழக்கினால் நல்லா வளரும்.

சேலம்: லேப், நாட்டு நாய் க்ராஸ். குழந்தையைக் கடிக்குமா?

எந்த நாயும் கடிக்கும். சின்னக் குழந்தையோட தனியா விடாதீங்க. மூணாவது வாரத்தில் இருந்து மூணு மாசத்துக்குள்ளே பல மனுஷங்க, சத்தம், குழந்தைங்க எல்லாம் பழகின குட்டிக்குப் பயம் குறைவு. முக்கியமா, நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டாதீங்க.

ஈரோடு: பொமரேனியன் க்ராஸ் கடிக்குமா?

சேலத்துக்குச் சொன்னதைப் படிங்க.

திருச்சி: குட்டி பல் பட்டு லேசா கீறல். ஊசி போடணுமா?

சோப்பு போட்டு ஓடுற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிட்டு இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. வீட்டுக் குட்டிதானேன்னு விடாதீங்க.

சங்கரன்கோவில்: க்ராஸ் ஆனாலே புத்தி கெட்டுப்போகும். சிப்பிப்பாறை, கன்னி மாதிரி நாட்டு நாய் ரத்தம் சுத்தமா இருந்தாத்தான் குணம் நிக்கும். என் க்ராஸ் நாய் வர்றவன் போறவனை எல்லாம் பாய்து.

விருதுநகர்: அண்ணன் சொல்றது சரி.

இதுக்கு முழுசா பதில் சொல்லணும். நம்ம நாட்டு இனங்களைக் காக்கணும், அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. 2005இல் தபால்தலையில் ராஜபாளையம் வந்தப்ப நானும் வாங்கி வச்சேன். ஆனா கலந்தால் குணம் கெடும்ங்கிறது தப்பு. அமெரிக்காவில் 18,000க்கும் மேற்பட்ட நாய்களை வச்சு நடந்த ஆய்வு 2022இல் வந்தது. நாய்க்கு நாய் குணம் மாறுறதில் இனத்தின் பங்கு சுமார் 9 சதவீதம்தான். உருவத்தை இனம் தருது; குணத்தை இனம் பார்த்து உறுதியா சொல்ல முடியாது.

எங்க செவலை ராஜபாளையம் க்ராஸ். நீள மூஞ்சி, ஒட்டின வயிறு, சுருட்டின வால். பார்த்தவுடனே கேட்டுக்கு வெளியேயே நின்னுடுவாங்க. ஆனா எங்க அம்மா முழங்கால் வலியில் மெதுவா நடக்கும்போது ரெண்டு எட்டு முன்னே போய், திரும்பிப் பார்த்து, நின்னு, அவங்க வந்து சேர்ந்தப்புறம்தான் நகரும். யாரும் சொல்லிக் கொடுக்கலை.

விருதுநகர்: அப்ப வேட்டை புத்தி?

ஓடுறதைத் துரத்துற ஆசை ரத்தத்தில் வரும், ஒத்துக்கிறேன். கோழி வளர்த்தா கவனம். ஆனா ஆளைப் பாயறது வேற விஷயம். அது பெரும்பாலும் பயம். அண்ணே, உங்க நாயைக் கட்டியா வச்சிருக்கீங்க?

சங்கரன்கோவில்: பகல் பூரா கேட் பக்கம் கட்டியிருக்கும். ராத்திரிதான் அவிழ்ப்போம்.

போறவர்றவங்க எல்லாம் கண்ணெதிரே போறாங்க, அதால ஒதுங்கவும் முடியலை, கிட்டப்போய் மோந்து பார்க்கவும் முடியலை. பாயறதைத் தவிர அதுக்கு வேற வழியே இல்லை. கேட்டை விட்டு உள்ளே மாத்துங்க. காலையும் சாயங்காலமும் அரை மணி நேரம் வார் போட்டு நடத்திட்டு வாங்க, ஆள் நடமாட்டம் குறைவான பக்கமா. ஒரு மாசம் கழிச்சு எப்படி இருக்குன்னு அவசியம் எழுதுங்கண்ணே.