அந்தச் சாப்ளினுக்கு எப்படி நன்றி சொல்வது?

அன்புள்ள அக்காவுக்கு,

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து எழுதுகிறேன். அப்பா தவறி இரண்டு மாதம் ஆகிறது. மருத்துவமனையில் கடைசி ஒன்பது நாளும் ஒரு சாப்ளின், அதாவது நோயாளிகளுக்காக ஜெபிக்கும் ஊழியர், வந்தார். சீனர், தமிழ் தெரியாது. அப்பாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார், சின்னதாக ஜெபித்துவிட்டுப் போய்விடுவார். மண்டாயில் தகனம் முடிந்து வீட்டுக்கு வந்தவர்களோ, "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரம் செய்யணும்மா" என்றார்கள். என்னால் முடியவில்லை. என் விசுவாசம் குறைந்துவிட்டதா? சாப்ளினுக்கு அங்பாவ் (உறையில் போட்ட அன்பளிப்புப் பணம்) கொடுத்தேன், வாங்கவில்லை. அவருக்கு எப்படி நன்றி சொல்வது?

அன்புள்ள சகோதரிக்கு,

குறையவில்லை. வேதாகமத்தில் பவுல் எழுதிய 1 தெசலோனிக்கேயர் 5:18 'எல்லாவற்றிலேயும்' என்றுதான் சொல்கிறது. அப்பா போனதற்காக ஸ்தோத்திரம் சொல் என்று அதற்குப் பொருள் இல்லை. எபேசியரில் 'எல்லாவற்றிற்காகவும்' என்றும் இருக்கிறது, அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் 'அழுகிறவர்களுடனே அழுங்கள்' என்று ரோமருக்கு எழுதியதும் அதே பவுல்தான். துக்க வீட்டுப் படி ஏறும்போது கையில் இருக்க வேண்டியது அந்த வசனம். இறந்துபோன லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்திருந்தும் இயேசு கண்ணீர் விட்டாரே!

உங்கள் சாப்ளின் செய்தது அதைத்தான். சபைப் போதகருக்குத் தன் ஆடுகளைத் தெரியும். சாப்ளினோ முன்பின் தெரியாதவர் கட்டிலருகே, அழைக்கப்பட்ட நேரத்தில், உட்கார வேண்டும். நோயாளி பேசினால் கேட்கலாம். பேசாவிட்டால் அந்த மௌனத்தையும் சுமக்க வேண்டும். இதை நான் மிகப் பெரிய ஊழியமாக நினைக்கிறேன்.

சாங்கி சேப்பல் அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே ஒரு பித்தளைச் சிலுவை இருக்கிறது. 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்து ஆயிரக்கணக்கானோர் சாங்கியில் போர்க்கைதிகளாக இருந்தபோது, எரிக் கார்டிங்லி என்ற பிரிட்டிஷ் ராணுவச் சாப்ளின் ஒரு சின்னப் பள்ளிவாசலில் ஆராதனை நடத்தினார். அதற்காகச் சார்ஜென்ட் ஹாரி ஸ்டாக்டன் பீரங்கிக் குண்டின் உறையிலிருந்து செய்து கொடுத்த சிலுவை அது. ஜப்பானியர் போர்க்கைதிகளைக் கொண்டு போட்ட சயாம் ரயில் பாதைக்கு அனுப்பப்பட்டபோதும் கார்டிங்லி அதைக் கூடவே கொண்டுபோனார். போரிலிருந்து அவர் பிழைத்து வந்தார், ஸ்டாக்டன் வீடு திரும்பவில்லை. அந்தச் சிலுவைக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் எனக்கு ஸ்தோத்திரமும் அழுகையும் சேர்ந்தே வருகின்றன. ஒன்றை அடக்கித்தான் மற்றொன்று வரவேண்டும் என்றில்லை.

சரி, அங்பாவ் விஷயம். அவர் வாங்காததில் வருத்தப்படாதீர்கள். ஒரு கடிதம் எழுதி மருத்துவமனையில் கொடுங்கள். அப்பாவின் பெயர், என்ன வேலை பார்த்தார், காப்பியில் எத்தனை கரண்டி சீனி போடுவார், இதையெல்லாம் எழுதுங்கள். பேச முடியாமல் கிடந்தவரைத்தான் அவர் பார்த்தார். தான் யாருடைய கையைப் பிடித்திருந்தார் என்று அவருக்கும் தெரியட்டும்.