அமேசான் காட்டுக்குள் ஆற்றங்கரைக் கிராமங்களில் மக்கள் எப்படி வாழ்கிறார்கள்?

பிரேசில் பக்கத்தைச் சொல்கிறேன். அங்கே ஆற்றங்கரை மக்களுக்கு ரிபெய்ரின்யோ என்று பெயர். காடு, பாம்பு, முதலை என்றுதான் நாம் கற்பனை செய்வோம், ஆனால் அவர்களுடைய வாழ்க்கையை ஆட்டிப்படைப்பது தண்ணீர்தான். மனௌஸ் நகரத்தில் ரியோ நீக்ரோ ஆறு வருடத்துக்குச் சுமார் 10 மீட்டர் ஏறி இறங்கும், அதாவது மூன்று மாடி உயரம்! அதனால் வீடுகளை மரக்கால்கள் மேல் கட்டுவார்கள், இல்லையென்றால் பெரிய மரக்கட்டைகளைப் போட்டு மிதக்கும் வீடாகவே கட்டிவிடுவார்கள்.

சாப்பாடு மீனும் மரவள்ளி மாவும். அங்கே அதிகம் விளையும் கசப்பு மரவள்ளியில் சயனைடு விஷம் உண்டு, நம் ஊர்க் கிழங்கு மாதிரி அவித்துத் தின்ன முடியாது. ஊறவைத்து, துருவி, தென்னங்குருத்து பின்னியதுபோல இருக்கும் நீளமான ஓலைப் பையில் திணித்துச் சாறு பிழிந்து, அப்புறம் அகலமான சட்டியில் மணிக்கணக்கில் கிளறி வறுக்க வேண்டும்.

சாலை கிடையாது, எல்லாவற்றுக்கும் படகுதான், பள்ளிக்கூடப் பேருந்துகூடப் படகு. வெள்ளத்தை ஓரளவு சமாளித்துவிடுவார்கள். வறட்சிதான் கொடுமை. 2023லும் 2024லும் ஆறு வரலாறு காணாத அளவுக்கு இறங்கியபோது படகு சேற்றில் தட்டி நின்றுவிட, மருந்துக்கும் குடிதண்ணீருக்கும் மைல் கணக்கில் நடந்தார்கள், அதுவும் கொதிக்கும் மணலில்.