போட்டோவைப் பார்த்துப் பிள்ளையை முடிவு செய்யலாமா?

கேள்வி: பதினோரு வருடமாக எங்களுக்குக் குழந்தை இல்லை. வேறொரு நாட்டிலிருந்து தத்தெடுக்க நினைக்கிறோம். ஏஜென்ட் ஒருவர் ஆறு மாதக் குழந்தையின் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பி, பெற்றவளிடம் நேரடியாகப் பேசிவிடலாம், பணம் கட்டினால் மூன்று மாதத்தில் குழந்தை கைக்கு வந்துவிடும் என்கிறார். நம்பலாமா?

பதில்: வேண்டாம். இந்நேரம் அந்த போட்டோவை நூறு தடவை பார்த்திருப்பீர்கள், பெயர்கூட யோசித்து வைத்திருப்பீர்கள், அதனால் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் எதை வசதி என்று சொல்கிறாரோ அதைத்தான் நாடு விட்டு நாடு தத்தெடுப்பது பற்றிய 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை தடுக்கிறது. குழந்தையைத் தத்துக் கொடுக்கலாம் என்றும் நீங்கள் தகுதியானவர்கள் என்றும் அதிகாரிகள் முடிவு செய்யும் வரை, தத்தெடுப்பவர்கள் பெற்றவர்களிடம் பேசவே கூடாது. பேசினால் அடுத்து பணம் வரும், பணம் வந்தால் சம்மதம் விலைக்கு வரும்.

சரி, எங்கே தொடங்குவது? நீங்கள் எந்த நாட்டுக் குடிமக்கள் என்பதல்ல, எந்த நாட்டில் நிலையாக வசிக்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. அந்த நாட்டில் இதற்கென்று உள்ள அரசு அமைப்பில் விண்ணப்பிக்க வேண்டும். வீட்டுக்கு வருவார்கள், உடல்நலம், குடும்பச் சூழல், ஏன் தத்தெடுக்கிறீர்கள் என்று எல்லாம் கேட்பார்கள். அந்த அறிக்கை குழந்தையின் நாட்டுக்குப் போகும். அங்கே உள்ளவர்கள் குழந்தையைப் பற்றி ஓர் அறிக்கை தயாரித்து, இந்தக் குழந்தைக்கு இந்த வீடு ஒத்துவருமா என்று பார்ப்பார்கள். இரண்டு நாடும் சரி என்று சொன்ன பிறகுதான் குழந்தையை உங்களிடம் ஒப்படைக்க முடியும். குழந்தை நீங்கள் வசிக்கும் நாட்டுக்குள் வந்து நிரந்தரமாகத் தங்க அனுமதி கிடைக்கும் என்பதும் அதற்கு முன்பே உறுதியாக வேண்டும். எல்லாம் முடிந்ததும் உடன்படிக்கைப்படி நடந்தது என்று ஒரு சான்றிதழ் தருவார்கள், அதைப் பத்திரமாக வையுங்கள், உடன்படிக்கையில் உள்ள மற்ற நாடுகளும் அதை வைத்துத்தான் தத்தெடுப்பை ஏற்கும்.

யாராவது ஃபைல் என்று ஒன்றைக் காட்டினால் முதலில் இரண்டு தேதிகளைப் பாருங்கள்: குழந்தை பிறந்த தேதி, தாய் கையெழுத்துப் போட்ட தேதி. குழந்தை பிறப்பதற்கு முன் வாங்கிய சம்மதம் செல்லாது. வயிற்றில் இருக்கும்போது ‘கொடுத்துவிடுகிறேன்’ என்றவள், பிறந்து முகத்தைப் பார்த்த பிறகு மனம் மாறலாம் இல்லையா?

கேள்வி: போரிலும் பூகம்பத்திலும் எத்தனையோ குழந்தைகள் அனாதையாகிறார்கள். அவர்களுக்குமா இத்தனை பேப்பர்?

பதில்: அவர்களுக்குத்தான் முக்கியமாக. 2007இல் சாட் நாட்டிலிருந்து 103 குழந்தைகளை, பக்கத்து நாடான சூடானின் டார்ஃபூர் போரில் அனாதையானவர்கள் என்று சொல்லி, ஒரு பிரெஞ்சு அமைப்பினர் விமானத்தில் கொண்டுபோக முயன்றார்கள். விசாரித்தால் பெரும்பாலோர் சாட் நாட்டுக் குழந்தைகள், பெற்றோர் உயிரோடு இருந்தார்கள். 2010 ஜனவரியில் ஹெய்ட்டி பூகம்பம் நடந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, 33 குழந்தைகளோடு எல்லையைத் தாண்டப் போன ஒரு குழுவைப் பிடித்தார்கள், அங்கேயும் அதே கதை. இடிபாட்டுக்கு நடுவே தனியாக அழுகிற பிள்ளைக்கு அம்மா அடுத்த முகாமில் இருக்கலாம், பாட்டி தேடிக்கொண்டிருக்கலாம். முதலில் பெற்றவர்கள், அப்புறம் சொந்தக்காரர்கள், அப்புறம் சொந்த நாட்டிலேயே வேறொரு குடும்பம், இது எதுவும் அமையவில்லை என்றால்தான் வெளிநாடு. 1989ஆம் ஆண்டின் ஐநா குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, தத்து விஷயத்தில் குழந்தையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல் என்கிறது. நம் இரக்கம் அதற்குக் கீழேதான் வரும், வலித்தாலும்.

கேள்வி: என் தங்கை விதவை. அவளுடைய ஒன்பது வயது மகனைத் தத்தெடுத்து நான் இருக்கும் நாட்டுக்குக் கூட்டிவர ஆசை. சொந்தப் பிள்ளைதானே, இதற்குமா சட்டம்?

பதில்: இதற்கும்தான். தங்கையோடு பேசக் கூடாது என்ற தடை மட்டும் உறவுக்குள் கிடையாது, மற்றதெல்லாம் உண்டு. முழுமையான தத்து என்றால் பல நாடுகளில் பெற்றவளோடு உள்ள சட்ட உறவு அறுந்துவிடும். நீங்கள் அம்மா, உங்கள் தங்கை சட்டப்படி அவனுக்குச் சித்தி. இதை அவள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறீர்களா? படிக்க வைக்கத்தான் என்றால் அதற்குத் தத்து வேண்டியதில்லை, வேறு வழி இருக்கிறதா என்று ஒரு வக்கீலிடம் கேளுங்கள்.

இன்னொன்று, குடியுரிமை. தத்து முடிந்தால் தானாகவே வந்துவிடும் என்று எல்லா நாட்டிலும் நினைக்க முடியாது. அமெரிக்காவில், தத்தெடுத்த வெளிநாட்டுக் குழந்தைகளுக்குத் தானாகவே குடியுரிமை தரும் 2000ஆம் ஆண்டுச் சட்டம் 2001 பிப்ரவரி 27 அன்று நடைமுறைக்கு வந்தபோது, 18 வயது தாண்டியிருந்தவர்களை அது சேர்க்கவில்லை. சின்ன வயதில் வந்து அங்கேயே வளர்ந்தவர்களில் சிலரை நாடு கடத்தியிருக்கிறார்கள். அதனால் அந்தப் பேப்பரையும் கையோடு முடியுங்கள்.

அப்புறம், உங்கள் பையனிடமும் கேட்பார்கள். அவன் வயதுக்கும் விவரத்துக்கும் ஏற்ப, தத்து என்றால் என்ன என்று விளக்கிச் சொல்லி அவன் விருப்பத்தைக் கேட்க வேண்டும் என்பது விதி. ‘பெரியம்மா கூட வர்றியா?’ என்று நீங்கள் கேட்டபோது சந்தோஷமாகத் தலையாட்டியிருப்பான். அதிகாரி கேட்கும்போது, ‘அம்மா எப்ப வருவாங்க?’ என்று அவன் திருப்பிக் கேட்டால், உங்கள் விண்ணப்பம் அந்த இடத்திலேயே நின்றுபோகலாம்.