கீழ்ப்படிதல் எழுதவைத்த கடிதங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் கல்லூரிக்குத் தலைமையேற்ற இயேசு சபை என்னும் கத்தோலிக்கத் துறவற சபையைச் சேர்ந்த குருக்களின் கடிதங்களும் கணக்குகளும் ஆவணக்காப்பகத்தில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். ஒரு நிறுவனம் தன் தலைவர்களின் தாள்களைத் தானே சேமித்து வைத்தால், அவற்றில் புகழ்மாலையைத் தவிர வேறென்ன இருக்கும்?

வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஐயம் நியாயமானதே. ஆனால் இக்குருக்கள் கல்லூரித் தலைவர்கள் மட்டுமல்லர், மேலிடத்துக்குக் கீழ்ப்படிவோம் என்று வார்த்தைப்பாடு (உறுதிமொழி) கொடுத்த துறவிகளும்கூட. பெரிய முடிவு எதையும் மேலிடத்துக்கு எழுதி, அனுமதி பெற்றே செய்ய வேண்டியிருந்ததால், தம் புகழுக்கு உதவாதவற்றையும் அவர்கள் தாளில் விட்டுச்செல்ல நேர்ந்தது.

தாமஸ் மல்லெடியை எடுத்துக்கொள்வோம். 1829 முதல் ஜார்ஜ்டவுன் தலைவராக இருந்து, பின்னர் சபையின் நிர்வாகப் பகுதிகளுள் ஒன்றான மேரிலாந்து மறைமாநிலத்தின் தலைவரான இவர், சபையின் பண்ணைகளில் அடிமைகளாக இருந்த 272 பேரை 1838-இல் 1,15,000 டாலருக்கு லூசியானாவின் பண்ணை உரிமையாளர்களுக்கு விற்க ஒப்பந்தம் செய்தார். உரோமையிலிருந்த சபை அதிபர் யான் ரோத்தான், குடும்பங்களைப் பிரிக்கக்கூடாது, அவர்கள் தம் சமயக் கடமைகளை நிறைவேற்ற வழியிருக்க வேண்டும், வரும் பணத்தைக் கடனடைக்கப் பயன்படுத்தக்கூடாது என்னும் நிபந்தனைகளை 1836-லேயே எழுதி அனுப்பியிருந்தார். (விற்பதையே அவர் தடுக்கவில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.) முதல் தவணையிலிருந்து 17,000 டாலர் கல்லூரியின் கடனுக்குப் போனது, குடும்பங்களும் பிரிக்கப்பட்டன. நிபந்தனையும் கணக்கும் எழுத்தில் இருப்பதால்தான் இந்த மீறலை இன்று நம்மால் காண முடிகிறது. மல்லெடி 1839-இல் உரோமைக்கு அழைக்கப்பட்டுப் பதவி விலகினார் என்றாலும், 1843-இல் வூஸ்டரின் ஹோலி கிராஸ் கல்லூரிக்கு முதல் தலைவரானார்.

ஒப்பந்தத்தின் பெயர்ப்பட்டியல் 65 வயது ஐசக்கில் தொடங்கி, அவருடைய மூத்த மகன் சார்லஸ், அவருக்கு வயது 40 என்று நீள்கிறது. சொத்துக் கணக்காக எழுதப்பட்ட அந்தப் பட்டியலையும், திருமுழுக்குப் பதிவேடுகளையும், நியூ ஆர்லியன்ஸுக்குச் சென்ற கேத்தரின் ஜாக்சன் கப்பலின் பயணியர் பட்டியலையும் ஒப்பிட்டே சந்ததியினர் பலர் தம் முன்னோரை அடையாளம் கண்டனர்.

இவை ஒளித்துவைக்கப்பட்ட தாள்கள் அல்ல. ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகப் படித்து எழுதிய பின்னும் மல்லெடியின் பெயரைத் தாங்கிய கட்டடம் வளாகத்தில் நின்றுகொண்டுதான் இருந்தது. 2015-இல் மாணவர்கள் போராடிய பிறகே அப்பெயர் நீக்கப்பட்டது. 2017-இல் பட்டியலின் முதல் மனிதரான ஐசக் ஹாக்கின்ஸின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. ஆகவே நிறுவனம் சேமித்தது என்பதற்காக நான் தாள்களைச் சந்தேகிப்பதில்லை. யார், எப்போது அவற்றைக் கேட்டு வாசித்தார்கள் என்றே பார்க்கிறேன்.

ஜார்ஜ்டவுன் அடிமைமுறை ஆவணத் தொகுப்பு இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. ரோத்தானின் நிபந்தனைகளை முதலில் வாசித்துவிட்டு, அதன் பிறகு ஒப்பந்தத்துக்குச் செல்லுங்கள்.

அன்புடன்.